குளத்தைக் காண வாரீரோ

போட்டோக்கொப்பி இயந்திரத்திலிருந்து அப்போதுதான் வெளியே வந்த தாளுக்கு ஒரு மணம் உண்டு. சூடான தாளும் மையும் சேர்ந்த மணம். போன கிழமை நெளுக்குளத்தில் இப்போது நான் வேலை பார்க்கிற கந்தோரில் ஒளிவிழாவுக்குப் பாட்டுப் பழகுகிற பிள்ளைகள் நாலு பேர் என் மேசைக்கு வந்து, "அக்கா, நீங்கள்தானே கெதியா ரைப் அடிப்பீங்கள், இந்தப் பாட்டை ஒருக்கா அடிச்சுத் தாங்கோவன்" என்று கேட்டார்கள். அடித்தேன். பதினைந்து பிரதி எடுத்தேன். சூட்டோடு அந்தக் கட்டைக் கையில் தூக்கியதும் மணம் மூக்கில் ஏறியது. கூடவே மங்கையற்கரசி மிஸ்ஸின் நினைப்பும் வந்து சேர்ந்தது. சந்தோசமான நினைப்பு என்று எண்ணாதீர்கள். கோபம்தான்.

எனக்கு மறதி அதிகம். அடுப்பில் பால் வைத்தது மறக்கும், வீட்டுத் திறப்பை எங்கே வைத்தேன் என்பது மறக்கும், மச்சாளின் பிள்ளைகளின் பெயர்கள் மாறிப்போகும். ஆனால் யாராவது என்னை ஒரு சொல் சொல்லிவிட்டால் அந்தச் சொல்லும், சொன்ன கிழமையும், சொன்னவர் உடுத்திருந்த சீலையின் நிறமும் அப்படியே நிற்கும். மங்கையற்கரசி மிஸ் அன்றைக்குக் கத்தரிப்பூ நிறச் சீலை. கரை மஞ்சள். செவ்வாய்க்கிழமை.

பத்துப் பன்னிரண்டு வருசத்துக்கு முந்திய கதை. அப்போது நான் பரந்தனுக்குப் பக்கத்தில், குளங்களைப் பார்க்கிற கந்தோர் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருசம். எந்தக் கந்தோர் என்று கேட்காதீர்கள். என் வேலை கடிதமும் அறிக்கையும் அடிப்பது. குளத்தின் நீர்மட்டம், குளத்தின் அணைக்கட்டு, குளத்தின் கீழுள்ள வயல்கள் என்று காலையிலிருந்து பின்னேரம் வரை குளம் குளமாக அடிப்பேன். என் பெயரை அடிக்கச் சொன்னாலும் விரல் முதலில் 'கு'வில்தான் போய் விழும். அப்படிப் பழகிவிட்டது.

ஒளிவிழா என்பது நத்தாரையொட்டிப் பள்ளிக்கூடங்களிலும் கந்தோர்களிலும் நாங்கள் வைக்கிற விழா. பாலன் குடில், கரோல் பாட்டு, கேக், யாராவது ஒருவரின் உரை. எங்கள் கந்தோரில் அந்த வருசம்தான் முதல்முதலாக வைத்தோம். பாட்டுக்குப் பதினாலு பேர் சேர்ந்தோம். அதில் வேதக்காரி, அதாவது கிறிஸ்தவள், நான் ஒருத்திதான். மற்றப் பதின்மூன்று பேரும் நெற்றி நிறைய விபூதியோடு, பிள்ளையார் கதை விரதம் பிடித்துக்கொண்டு, மத்தியானம் பட்டினியாக நின்று சேசுபாலனைப் பாடினார்கள். சிரிக்கச் சொல்லவில்லை, உண்மையாகவே நல்லாகப் பாடினார்கள். சாரதி சிவபாலன் அண்ணை மட்டும் நாலு நாள் பழகிய பிறகு என்னிடம் வந்து மெதுவாக, "பிள்ளை, இந்த மாதாவும் மரியாளும் அக்கா தங்கச்சியோ?" என்று கேட்டார்.

பழக்கியவர் மங்கையற்கரசி மிஸ். கந்தோரின் நிர்வாகம் முழுக்க அவர் கையில். பளையிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். பிறந்தது யாழ்ப்பாணத்தில், சங்கீதப் பரீட்சைகள் எல்லாம் பாஸ் பண்ணியவர். பாட்டை எழுதியதும் அவரே. குரலும் நல்ல குரல்தான், அதைக்கூட ஒப்புக்கொள்ளாத அளவுக்கு நான் கெட்டவள் இல்லை. முதல் நாளே எல்லாரையும் ஒவ்வொருவராகப் பாடவைத்துக் கேட்டுவிட்டு, "ரெண்டாம் சரணத்தை நீர் தனியப் பாடும்" என்று என்னிடம் சொன்னார்.

எனக்கு அன்றைக்கு நிலத்தில் கால் படவில்லை. நான் முல்லைத்தீவுக் கடற்கரையில் பிறந்தவள். மாதா கோயில் பாட்டுக் கூட்டத்தில் நின்றிருக்கிறேன், தனியாக ஒரு வரிகூடத் தந்ததில்லை. கந்தோர் முடிந்ததும் அப்பாவுக்குப் போன் எடுத்தேன். அப்பா கரைவலைக்காரர், கரையில் நின்று வலை இழுத்து மீன் பிடிக்கிறவர். கடைசிச் சண்டையில் பக்கத்தில் ஷெல் விழுந்ததில் அவருக்கு இடது காது கேட்காது. அதனால் அவரோடு போனில் கதைப்பதென்றால் பரந்தன் சந்தி முழுக்கக் கேட்கும்.

"அப்பா, நத்தார் விழாவில நான் தனியப் பாடுறன்!"

"ஆர் பாடினமாம்?"

"நான்! ரெண்டாம் சரணம்! தனிய!"

"அப்ப நான் வாறன்" என்றார். வலை இழுக்கும் நாளில் கலியாண வீட்டுக்கும் போகாத மனிசன்.

அன்றிலிருந்து எனக்கு இருந்தது ஒரே ஒரு ஆசை. அப்பா பின்வரிசையில் கதிரையில் இருக்கவேண்டும், நான் மேடையில் தனியாக அந்த நாலு வரியைப் பாடவேண்டும், நல்ல காதைத் திருப்பி அவர் அதைக் கேட்கவேண்டும். இவ்வளவுதான். பெரிய ஆசையா, நீங்களே சொல்லுங்கள்.

இனி அந்தச் செவ்வாய்க்கிழமை. எங்கள் கரையில் வலை இழுக்கும்போது கயிற்றில் நிற்கிறவர்கள் பாடுகிற பாட்டுக்கு அம்பா என்று பெயர். ஒருவர் எடுத்துக் கொடுப்பார், மற்றவர்கள் இழுத்துக்கொண்டே திருப்பிச் சொல்வார்கள். எங்கள் மீன்வாடியில் எடுத்துக் கொடுக்கிறவர் அப்பா. அவருடைய குரல் அலைக்கு மேலால் போய் வள்ளத்தில் நிற்கிறவனுக்கும் கேட்கும். அந்தக் குரலில் பாதி எனக்கு வந்திருக்கிறது போல. அன்று பழகும்போது சரணத்தின் கடைசி வரியை என்னை அறியாமலே இழுத்துவிட்டேன். கயிறு இழுக்கிற இழுவை. வரி முடிந்த இடத்தில் ஒரு "ஏலோ" வேறு வந்து விழுந்தது. அது எப்படி வந்ததென்று மாதாவுக்குத்தான் தெரியும்.

மிஸ் கையைத் தட்டி நிறுத்தினார்.

"பிள்ளை, இது கரைவலை இல்லை. இஞ்ச அம்பா வேண்டாம்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறு என்ன செய்வது? அவர் அதோடு விட்டிருந்தால் நானும் விட்டிருப்பேன். விடவில்லை.

"தாளில என்ன கிடக்கோ அதைத்தான் பாடவேணும். ஒரு எழுத்துக் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. உமக்கு மட்டுமில்லை, எல்லாருக்கும்தான் சொல்லுறன். ரெண்டாம் சரணத்தை இனி எல்லாருமாப் பாடுவம். நீர் பின்னுக்குப் போய் நில்லும்."

போய் நின்றேன். அடுத்த நாளிலிருந்து எனக்குக் கந்தோரில் 'அம்பா மிஸ்' என்று பெயர். சிவபாலன் அண்ணை தொடக்கி வைத்தார். பியோன் ஐயா அதைப் பிடித்துக்கொண்டார். கடைசியில் குளத்தடியில் வயல் செய்கிற கமக்காரர்களுக்கும் அந்தப் பெயர்தான் தெரிந்திருந்தது.

அப்பாவிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்ல? அப்பா போட்டுக்கொண்டு வரப் புதுச் சேட்டு வாங்கியாயிற்று என்று அம்மா போனில் சொல்லிவிட்டா. இன்றைக்குச் சொல்வோம், நாளைக்குச் சொல்வோம் என்று பத்து நாள் போய்விட்டது. அந்தப் பத்து நாளும் நான் மனதுக்குள் மிஸ்ஸைப் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமில்லை. அவருடைய குடையை ஒளித்தேன். தேத்தண்ணிக்குள் உப்புப் போட்டேன். அவருக்கு ஒரு இடமாற்றக் கடிதத்தை உண்மையாகவே கணினியில் அடித்து, ஆள் போகமுடியாத ஒரு தீவுக்கு அனுப்பி, இரண்டு தரம் வாசித்துச் சந்தோசப்பட்டு, பிறகு அழித்தேன். அடித்ததும் அழித்ததும்தான் உண்மை, மற்றதெல்லாம் மனதுக்குள். கையில் ஒன்றும் இல்லாதவளுக்கு மனம்தானே போர்க்களம்.

விழா நாளுக்கு முன் மூன்று நாளாக விடாத மழை. எல்லாக் குளமும் நிரம்பி விளிம்பில் நின்றது. குளம் நிரம்பி மேலால் வழிவதை நாங்கள் 'வான் பாயுது' என்போம். வன்னியில் வான் பாய்கிறது என்று கேள்விப்பட்டால் எந்த வேலையையும் போட்டுவிட்டுச் சனம் மோட்டார் சைக்கிளில் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு பார்க்கப் போகும். எங்கள் கந்தோருக்குப் பின்னாலிருந்த குளம் இன்றைக்கோ நாளைக்கோ என்று நின்றது. எஞ்சினியர் சேர் கண்ணாடியைத் துடைப்பதும் வானத்தைப் பார்ப்பதுமாகத் திரிந்தார்.

விழா பின்னேரம் மூன்று மணிக்கு. மழையால் பஸ் பிந்தி, மிஸ் பன்னிரண்டு மணிக்குத்தான் நனைந்துகொண்டு வந்து சேர்ந்தார். வந்ததும் ஈரக் கையோடு ஒரு தாளை என்னிடம் நீட்டினார். பஸ்ஸிலேயே மூன்றாவதாக ஒரு சரணம் எழுதியிருக்கிறாராம்.

"மெட்டு அதேதான். பழக நேரமில்லை, தாளைப் பாத்துப் பாடட்டும். கெதியா அடிச்சுப் பதினாலு பிரதி எடும், பிள்ளை."

"குழந்தை காண வாரீரோ, குடிலைத் தேடி வாரீரோ" என்று தொடங்கியது சரணம். எங்கள் வாயில் குழந்தை எப்போதும் 'குளந்தை'தான், 'ழ' எல்லாம் பள்ளிக்கூடத்தோடு சரி. வாய்க்குள் சொல்லிக்கொண்டே அடித்தேன். நிமிர்ந்து பார்த்தேன். 'குளத்தைக் காண வாரீரோ' என்று கிடந்தது. விரல் பழக்கதோசத்தில் தன் வேலையைச் செய்துவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், பிழையை விட்டது என் கை. ஆனால் திருத்தாமல் விட்டது நான். ஒரு சொல்லை அழித்து அடிக்க எவ்வளவு நேரம்? அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். தாளில் என்ன கிடக்கோ அதைத்தான் பாடவேணும். சரி மிஸ். பதினாலு பிரதி எடுத்தேன். சூடாக இருந்தது கட்டு. ஒவ்வொருவருடைய கோப்புக்குள்ளும் நானே வைத்தேன். மிஸ்ஸுக்குத் தாள் தேவையில்லை, எழுதியவர் அவர்தானே.

இரண்டரைக்கு அப்பா வந்தார். முல்லைத்தீவு பஸ்ஸில் வந்து பரந்தனில் இறங்கி, ஓட்டோ பிடிக்காமல் மழைக்குள் நடந்து வந்திருக்கிறார். புதுச் சேட்டின் மடிப்புக்கூடக் கலையவில்லை, மேலால் பொலித்தீனைச் சுற்றியிருந்தார். கையில் ஒரு பை. பை வாசலுக்கு வரமுதலே அதன் மணம் உள்ளே வந்துவிட்டது. பாரைக் கருவாடு.

"உனக்குப் பாட்டுப் பழக்கின மிஸ் ஆர்?" என்றார். நான் தடுக்கமுதல் மிஸ்ஸுக்கு முன்னால் போய் நின்று பையை நீட்டினார். "எங்கட கரையில காய்ஞ்சது. பிள்ளையைத் தனியப் பாட விட்டிருக்கிறியள். பெரிய உபகாரம்."

மிஸ் விரதக்காரி, மச்ச மாமிசம் தொடமாட்டார், கருவாட்டு மணத்துக்கு மூக்கைச் சுளிப்பார் என்றுதான் எதிர்பார்த்தேன். அப்படிச் செய்திருந்தால் எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்! அந்த மனிசி இரண்டு கையாலும் பையை வாங்கினார். என்னை ஒரு தரம் பார்த்தார். பிறகு அப்பாவிடம், "உங்கட மகளுக்கு நல்ல குரல், ஐயா. எங்களில ஒருத்தருக்கும் அப்பிடிக் குரலில்லை" என்றார்.

அப்போது நான் போய்ப் பதினாலு கோப்பையும் திறந்து அந்தச் சொல்லை வெட்டியிருக்கலாம். பேனை கையில்தான் இருந்தது. வெட்டவில்லை. அந்த வார்த்தையைப் பத்து நாளைக்கு முதல் எல்லாருக்கும் முன்னால் சொல்லியிருக்கலாமே, இப்போது வாசலில் நின்று காதுக்குள் சொல்லி யாருக்கு லாபம் என்று நினைத்தேன். நான் அப்படித்தான்.

மண்டபம் நிறையக் கமக்காரர்கள், அவர்களின் வீட்டுச் சனம். நாங்கள் மேடையில் ஏறினோம். முதல் சரணம் நல்லாகப் போனது. இரண்டாம் சரணம் தொடங்கியதும் பின்வரிசையில் அப்பா எழுந்து நின்றார். இரண்டாவது என்று நான்தானே சொல்லியிருந்தேன். நல்ல காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு, கழுத்தை நீட்டி, பதினாலு குரலுக்குள்ளும் என் குரலைத் தேடிக்கொண்டு நின்றார். சரணம் முடிந்த பிறகும் கதிரையில் அமரவில்லை. இனித்தான் நான் தனியப் பாடப்போகிறேன் என்று நினைத்தாராக்கும். அதைப் பார்த்ததும் மிஸ்ஸின் மேல் மிச்சமிருந்த இரக்கமும் போய்விட்டது. வரட்டும் மூன்றாவது என்று வாயை மூடிக்கொண்டேன்.

வந்தது. பதின்மூன்று பேரும் கோப்பைப் பார்த்து, பிசகாமல், முழுத் தொண்டையில் பாடினார்கள்.

"குளத்தைக் காண வாரீரோ!"

அவர்களுக்கு அதில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. நாள் முழுக்கக் குளத்தோடு மாரடிக்கிற சனம், சேசுபாலனும் குளத்தடியில்தான் பிறந்தார் என்று நினைத்தார்களோ என்னவோ. எங்களைப் பார்த்துத் தாளம் போட்டுக்கொண்டிருந்த மிஸ்ஸின் கை அந்தரத்தில் நின்றது. முன்வரிசையில் இருந்த வயதான கமக்காரர் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் உரக்கக் கேட்டார்.

"என்னடாப்பா, வான் பாயுதாமோ?"

அவ்வளவுதான். மண்டபம் வெடித்தது. பெண்கள் சீலைத் தலைப்பால் வாயைப் பொத்தினார்கள். பத்துப் பதினைந்து பேர் உண்மையாகவே எழுந்து வெளியே ஓடினார்கள், மோட்டார் சைக்கிள்கள் ஸ்டார்ட் ஆகிற சத்தம் கேட்டது. எஞ்சினியர் சேர் மேடைக்குப் பக்கத்தில் நின்று யாருக்கோ போன் எடுத்தார். பாட்டு நடுவில் அறுந்து தொங்கியது. நான் கத்தரிப்பூச் சீலையை நினைத்துக்கொண்டு மிஸ்ஸின் முகத்தைப் பார்த்தேன். வெளிறிப்போயிருந்தது. ஐயோ, எவ்வளவு இனிப்பாக இருந்தது தெரியுமா? இப்போதும் கொஞ்சம் இனிக்கிறது.

அவர் என்னைத்தான் பார்த்தார். கோபமில்லை. கை கூப்பாத குறை.

"நீர் பாடும், பிள்ளை," என்றார். "ரெண்டாம் சரணத்தை. தனிய. உம்மட குரலுக்குத்தான் இந்தச் சனம் அடங்கும்."

அப்பா இன்னும் நின்றுகொண்டிருந்தார். கை இன்னும் காதில். நான் வாயைத் திறந்தால் போதும்.

"தாளில உள்ளபடியோ மிஸ்," என்று கேட்டேன், "இல்லாட்டி அம்பாவாயோ?"

மிஸ் பதில் சொல்லமுதல் அறிவிப்பாளர் ஒலிவாங்கியைப் பிடித்து, "பாடகர் குழுவுக்கு எங்கட நன்றிகள்" என்று சொல்லிவிட்டார். நாங்கள் இறங்கினோம். அப்பா திரும்பக் கதிரையில் அமர்ந்தார்.

கேக் வெட்டுகிற இடத்தில் எஞ்சினியர் சேர், "உந்தப் பாட்டை ஆர் அடிச்சது?" என்று கேட்டார். நான் வாயைத் திறக்கமுதல் மிஸ் சொன்னார்: "என்ர பிழை சேர். பஸ்ஸுக்குள்ள இருந்து எழுதினது, நான்தான் மாறி எழுதிக் குடுத்திட்டன்."

பார்த்தீர்களா? நான் எடுத்த பழியைக்கூட அந்த மனிசி என்னிடம் விடவில்லை. அவர் எழுதித் தந்த தாள் அப்போது என் கைப்பையில் இருந்தது. 'குழந்தை' என்று முத்து முத்தாக எழுதியிருந்தது. அவர் அதைக் கேட்கவும் இல்லை, பிறகு ஒருநாளும் அதைப்பற்றிக் கதைக்கவும் இல்லை. இதையும் சேர்த்துத்தான் நான் அவரை மன்னிக்கவில்லை.

அப்பாவை பஸ் ஏற்ற பரந்தன் சந்திக்குப் போனேன். மழை விட்டிருந்தது. மீன் வைத்த மாலுபணிஸ் ஒன்றை வாங்கிக் கொடுத்தேன், பாதியைப் பிய்த்து எனக்குத் தந்தார்.

"சனம் ஏன் பிள்ளை சிரிச்சது? உன்னைப் பாத்தோ?"

"இல்லை அப்பா. பாட்டில ஒரு பகிடி இருந்தது."

தலையை ஆட்டினார். பணிஸைக் கடித்துக்கொண்டே சொன்னார்: "ரெண்டாவதில எழும்பி நிண்டு கேட்டனான். எல்லாற்ற குரலுக்கையும் உன்ரயைப் பிடிக்கேலாமல் போச்சு. இந்தக் காதால வந்த வினை. நீ பாடினனிதானே?"

"ஓம் அப்பா, பாடினனான்."

"அது காணும், வேறென்ன வேணும்," என்றார். பஸ் வந்தது.

அதன்பிறகு கரையில் கண்டவர் நின்றவருக்கெல்லாம் மகள் பரந்தனில் தனியாகப் பாடிய கதையைச் சொல்லித் திரிந்தாராம். போன் எடுக்கும்போதெல்லாம், "அந்தப் பாட்டை ஒருக்காப் பாடு பிள்ளை, போனைக் கிட்டப் பிடிக்கிறன்" என்பார். ஒபிஸில் நிற்கிறேன், பஸ்ஸில் நிற்கிறேன், தொண்டை சரியில்லை, நத்தாருக்கு வரும்போது பாடுகிறேன் என்று ஏதாவது சொல்லித் தப்புவேன். பாடத் தொடங்கினால் பொய்யும் கூட வந்துவிடும் என்று பயம். அடுத்த நத்தார் வரமுதல், நடு வருசத்துச் சோளகக் காற்றுக் காலத்தில், வலை இழுத்துக்கொண்டு நின்றவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மணலில் இருந்துவிட்டார். எழும்பவில்லை. இப்போது எங்கள் கரையில் வலையை உழவு மெசின்தான் இழுக்கிறது. அதற்கு யாரும் எடுத்துக் கொடுக்கத் தேவையில்லை.

மிஸ் ஓய்வு பெற்றுக் கனடாவில் இருக்கிற மகனிடம் போய்விட்டார். என் நம்பரை யாரிடமோ வாங்கி, ஒவ்வொரு மார்கழியும் வட்ஸ்அப்பில் பாலன் குடில் படம் ஒன்றை அனுப்புவார். கீழே எப்போதும் ஒரே கேள்வி: "இந்த வருசமாவது பாடுறீரோ, பிள்ளை?" நான் திறந்து பார்ப்பேன். பார்த்துவிட்டேன் என்பதற்கு இரண்டு நீலக் கோடு விழுமே, அது விழட்டும் என்றுதான் திறப்பேன். பதில் போடமாட்டேன். எட்டு வருசமாக அந்த நீலக் கோடுதான் நான் அவருக்குக் கொடுக்கிற தண்டனை.

நெளுக்குளத்துப் பிள்ளைகள் பாட்டுத் தாளைக் கொண்டுபோய்விட்டார்கள். ஒரு எழுத்துப் பிழையில்லை, மூன்று தரம் பார்த்தேன். எனக்குப் பாட வரும் என்று அவர்களுக்குத் தெரியாது, அதனால் ஒருவரும் கேட்கவில்லை. இந்த உலகத்தில் என்னைப் பாடு என்று கெஞ்சிக் கேட்டவர்கள் இரண்டே இரண்டு பேர். இரண்டு பேருக்கும் நான் பாடவில்லை.

இன்றைக்கு மார்கழி இருபத்துமூன்று, நத்தாருக்கு இன்னும் இரண்டு நாள். மிஸ்ஸிடமிருந்து இன்னும் படம் வரவில்லை. காலையிலிருந்து ஆறேழு தரம் போனைத் திறந்து பார்த்துவிட்டேன். ஏன் வரவில்லை என்று அவருடைய மகனிடம் கேட்கலாம், நம்பரும் இருக்கிறது. கேட்டால் அவன் சொல்லிவிடுவான்.